‘நீங்க ஒண்ணும் என் அப்பா இல்லை’

கேள்வி: எனக்கு 41 வயது. ஒன்றரை வருஷத்துக்கு முன் திருமணம் ஆனது. எனக்கு இது முதல் திருமணம், மனைவிக்கு இரண்டாவது. அவருக்கு 13 வயதில் ஒரு மகள், 6 வயதில் ஒரு மகன். முதல் கணவரைப் பிரிந்து ஐந்து வருஷம் ஆகிறது. அவர் பக்கத்தில்தான் இருக்கிறார், சனி ஞாயிறு பிள்ளைகள் அவரிடம் போய் வருவார்கள். பையன் என்னோடு நன்றாக ஒட்டிக்கொண்டான், அவனாகவே அப்பா என்று கூப்பிடுகிறான். பெண்தான் கேட்டதற்கு மட்டும் பதில் சொல்கிறாள், நான் வந்து உட்கார்ந்தால் எழுந்து போய்விடுகிறாள். படம் வரையப் பிடிக்கும் என்று விலை உயர்ந்த டிராயிங் டேப்லெட் வாங்கிக் கொடுத்தேன், பெட்டியைக்கூடப் பிரிக்கவில்லை. போன மாதம் ஒருநாள் எதற்கோ என்னோடு சேர்ந்து விழுந்து விழுந்து சிரித்தாள். மறுநாளிலிருந்து முன்பைவிட மோசம். சென்ற வாரம் இரவு 11 மணிக்கும் போனோடு உட்கார்ந்திருந்தாள். “நீங்களே சொல்லுங்க” என்றார் மனைவி. சொல்லிப் பார்த்துவிட்டுப் போனைப் பிடுங்கினேன். “நீங்க ஒண்ணும் என் அப்பா இல்லை” என்று கத்திவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள். மனைவியோ பிறகு, “கொஞ்சம் தன்மையா சொல்லியிருக்கலாமே” என்கிறார். நான் எங்கே தவறினேன்? அவள் என்றைக்காவது என்னை அப்பாவாக ஏற்றுக்கொள்வாளா? எங்களுக்கு ஒரு குழந்தை பிறந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்கிறார் மாமியார். அது உண்மையா?

பதில்: அந்தப் பெண் கத்தியது தவறு, சொன்னது சரி. இந்த இரண்டையும் பிரித்துப் பார்த்தாலே உங்கள் சிக்கலில் பாதி அவிழ்ந்துவிடும். அவளுக்கு அப்பா இருக்கிறார், வாராவாரம் பார்க்கிறாள். அந்த இடத்துக்கு வேறு யார் வந்தாலும் தள்ளத்தான் செய்வாள். நீங்கள் நல்லவரா கெட்டவரா என்பதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. சொல்லப்போனால் நீங்கள் நல்லவராக இருப்பதுதான் அவளுக்குக் கூடுதல் சங்கடம். அதைப் பிறகு சொல்கிறேன்.

அன்று இரவு நீங்கள் என்ன பதில் சொன்னீர்கள் என்று எழுதவில்லை. இதே பேச்சு மறுபடியும் வரும். வரும்போது, “ஆமாம்மா, நான் உன் அப்பா இல்லை. உனக்கு அப்பா இருக்கார், அவர் இடத்துக்கு நான் வரலை. ஆனா போன் விஷயத்துல அம்மா ஒரு நேரம் சொல்லியிருக்காங்க. அவங்ககிட்ட பேசிக்கோ” என்று சாதாரணக் குரலில் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுங்கள். நீங்களே ஒப்புக்கொண்ட பிறகு அதை ஆயுதமாக வீச அவளுக்கு வழியில்லை. உங்களுக்கும் ஒரு சுமை இறங்கும். இந்த ஒன்றரை வருஷமாக நீங்கள் ஒவ்வொரு நாளும் எழுதிக்கொண்டிருக்கும் ‘அப்பா பரீட்சை’யை யாரும் உங்களுக்கு வைக்கவில்லை.

சரி, ஒரே வீட்டில் வளரும் இரண்டு பிள்ளைகளில் பையன் ஒட்டிக்கொண்டான், பெண் ஏன் விலகுகிறாள்? நீங்கள் இதைக் குணம் என்று நினைக்கிறீர்கள் போலிருக்கிறது. எனக்கு இது கணக்காகத்தான் தெரிகிறது. பெற்றோர் பிரிந்தபோது பையனுக்கு ஒரு வயது. அப்பாவோடு ஒரே வீட்டில் இருந்த நினைவே அவனுக்கு இருக்காது. நீங்கள் வந்ததில் அவனுக்கு எல்லாமே வரவு. அவளுக்கு அப்போது எட்டு வயது. நீங்கள் வருவதற்கு முன் ஏறக்குறைய மூன்றரை வருஷம் அந்த வீடு மூன்று பேருடையது, அதில் அவள்தான் இரண்டாவது பெரிய ஆள். தம்பியை அவள் பார்த்துக்கொண்டிருப்பாள். அம்மா மனம் உடைந்து உட்கார்ந்த நாட்களில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள். வீட்டின் முடிவுகளை அம்மா அவளிடம் சொல்லிவிட்டு எடுத்திருப்பார். நீங்கள் வந்த அன்று, யாரும் வாய்விட்டுச் சொல்லாமலேயே, அந்தப் பதவி அவள் கையைவிட்டுப் போனது. அம்மாவின் ரகசியங்கள் இப்போது உங்களிடம். நீங்கள் எதையும் பறிக்க வரவில்லைதான். ஆனாலும் அவளுக்குப் பறிபோனது உண்மை.

வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் மேவிஸ் ஹெதரிங்டன் என்ற உளவியலாளர் மணமுறிவையும் மறுமணத்தையும் பற்றிச் சுமார் 1,400 குடும்பங்களை ஆராய்ந்தார், சில குடும்பங்களை முப்பது வருஷம் வரைக்கும் பின்தொடர்ந்தார். அம்மாவின் மறுமணத்தை ஏற்றுக்கொள்வது பையன்களைவிடப் பெண்களுக்கு, அதிலும் தனியாக இருந்த காலத்தில் அம்மாவோடு மிக நெருக்கமாக இருந்த பெண்களுக்குக் கடினமாக இருந்ததை அவர் கண்டார். வயதும் சேர்ந்துகொள்கிறது. பத்து வயதுக்குக் கீழே இருக்கும் பிள்ளைகள் கொஞ்சம் எளிதாகப் பழகிவிடுகிறார்கள். 10 முதல் 14 வரை உள்ள காலம்தான் மிகக் கடினம். அந்த வயதில் ஒரு பிள்ளை வீட்டைவிட்டு வெளியே, நண்பர்கள் பக்கம் நகரத் தொடங்குகிறது. அதே நேரத்தில்தான் நாம் ‘வா, நாம் எல்லோரும் ஒரு புதுக் குடும்பம்’ என்று உள்ளே இழுக்கிறோம்.

எனவே முதல் வேலை, இரண்டு பிள்ளைகளையும் ஒரே அளவுகோலால் அளப்பதை நிறுத்துவது. பையன் அப்பா என்று கூப்பிடும்போது உங்களுக்குள் பொங்குவது இயல்பு. அதை அவள் முன்னால் கொண்டாடாதீர்கள். “பாரு, தம்பி எவ்வளவு பாசமா இருக்கான்” என்ற வாக்கியம் அந்த வீட்டில் யார் வாயிலிருந்தும் வரக்கூடாது, மாமியார் வாயிலிருந்தும்தான். அவள் உங்களை என்ன சொல்லிக் கூப்பிட வேண்டும் என்பதை அவளிடமே விட்டுவிடுங்கள். பெயர் சொல்லியோ அங்கிள் என்றோ கூப்பிட்டால் போதும். எதுவும் சொல்லாமல் பேச்சைத் தொடங்குவதும் இந்த வயதுப் பிள்ளைகள் கண்டுபிடித்த ஒரு வழி, அதைப் பெரிதுபடுத்த வேண்டாம்.

இனி அந்தச் சிரிப்பு. உங்கள் கடிதத்தில் எனக்கு மிக முக்கியமாகப் பட்டது அதுதான், நீங்கள் அதை ஒரே வரியில் எழுதிவிட்டுப் போய்விட்டீர்கள். உங்களோடு சேர்ந்து வயிறு குலுங்கச் சிரித்த பெண் மறுநாள் ஏன் முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டும்? உங்களைப் பிடிக்காததால் இல்லை, ஒரு நிமிஷம் பிடித்துவிட்டதால். அங்கே அப்பா தனியாக இருக்கிறார், நான் இங்கே இன்னொருவரோடு சிரித்துக்கொண்டிருக்கிறேன் என்ற குற்ற உணர்ச்சி. குடும்ப ஆலோசனையில் இதை விசுவாச முரண் என்போம். ஒருவரிடம் அன்பு காட்டினால் இன்னொருவருக்குத் துரோகம் செய்ததாகிவிடுமோ என்று பிள்ளை உள்ளுக்குள் இழுபடுவது. நீங்கள் மோசமானவராக இருந்தால் அவளுக்கு இந்தத் தொல்லையே இல்லை, நிம்மதியாக வெறுத்துவிட்டுப் போவாள். நல்லவராக இருப்பது சங்கடம் என்று மேலே சொன்னது இதைத்தான்.

அப்பா வீட்டிலிருந்து திரும்பும் ஞாயிறு இரவுகளில் அவள் முகம் எப்படி இருக்கிறது என்று கவனித்துப் பாருங்கள். கடுகடுப்பு அன்றைக்குக் கூடுகிறது என்றால், ‘அவர்தான் ஏதோ சொல்லிக் கொடுத்து அனுப்புகிறார்’ என்று உடனே முடிவு கட்ட வேண்டாம். ஒரு வீட்டை விட்டுவிட்டு இன்னொரு வீட்டுக்குள் வர அவளுக்குக் கொஞ்ச நேரம் வேண்டும், அவ்வளவுதான். அந்த இரவுகளில் கேள்வி கேட்காதீர்கள், வேலை சொல்லாதீர்கள், அங்கே என்ன நடந்தது என்று விசாரிக்கவே விசாரிக்காதீர்கள். அவளுடைய அப்பாவைப் பற்றிப் பேச்சு வந்தால் மரியாதையாக ஒரு வார்த்தை சொல்லுங்கள். பொய்யாகப் புகழ வேண்டாம், “வரையறது உனக்கு அப்பாகிட்டேருந்து வந்ததா?” என்று கேட்டால்கூடப் போதும். அவர் படம் அவள் அறையில் இருந்தால் இருக்கட்டும். அவள் அம்மாவும் ஒருநாள் தனியாக உட்கார்ந்து சொல்லவேண்டும்: “இவரோட நீ சிரிச்சுப் பேசினா அப்பா மேல பாசம் குறைஞ்சுபோச்சுன்னு அர்த்தம் இல்ல. அப்பா அப்பாதான்.” இதை நீங்கள் சொன்னால் எடுபடாது. அந்த அப்பாவே சொன்னால் இன்னும் நல்லது. மனைவிக்கும் அவருக்கும் பேச்சுவார்த்தை சுமுகமாக இருந்தால் கேட்டுப் பார்க்கலாம்.

போன் விஷயத்துக்கு வருகிறேன். இங்கே நான் பேச வேண்டியது உங்களிடம் பாதி, உங்கள் மனைவியிடம் பாதி. இந்தப் பத்தியை அவரிடமும் படிக்கக் கொடுங்கள். “நீங்களே சொல்லுங்க” என்று உங்களை முன்னால் அனுப்பியதும், பிறகு “தன்மையா சொல்லியிருக்கலாமே” என்றதும் ஒரே மனசிலிருந்து வந்தவைதான். மகளைக் கண்டிக்க அவருக்குத் தயக்கம், ஏற்கெனவே இந்தப் பிள்ளை நிறையப் பட்டுவிட்டது என்ற எண்ணம். அதே காரணத்தால்தான் நீங்கள் கண்டித்தாலும் அவருக்கு வலிக்கிறது. மறுமணக் குடும்பங்களைப் பல ஆண்டுகள் ஆராய்ந்த உளவியலாளர் பாட்ரீஷியா பேப்பர்னோ இதைத் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறார்: வந்து சேர்ந்தவர் இன்னும் கண்டிப்பு வேண்டும் என்பார், பெற்றவர் இன்னும் கனிவு வேண்டும் என்பார். ஒருவர் இறுக்க இறுக்க மற்றவர் தளர்த்துவார். உங்களுக்குக் கண்ணில் படுவது பிள்ளையின் நடத்தை, அவருக்குக் கண்ணில் படுவது பிள்ளையின் காயம். இரண்டுமே இருக்கின்றன. இதில் யார் சரி என்று தீர்ப்புச் சொல்லும்படி என்னிடம் வரும் தம்பதிகள் உண்டு. நான் சொல்வதில்லை.

ஆனால் யார் கண்டிக்க வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. இப்போதைக்கு அம்மாதான். விதிகளை நீங்கள் இருவரும் தனியே உட்கார்ந்து பேசி முடிவு செய்யலாம், அதில் உங்கள் குரலுக்கு முழு இடம் உண்டு. பிள்ளைகளிடம் அறிவிப்பதும் அமல்படுத்துவதும் அவர் வேலை. அவர் வீட்டில் இல்லாத நேரத்துக்கு மட்டும் அந்த அதிகாரம் உங்களிடம் ஒப்படைக்கப்படுகிறது. அதையும் அவரே பிள்ளைகள் முன்னால் வெளிப்படையாகச் சொல்லவேண்டும்: “நான் இல்லாதப்போ இவர் சொல்றது நான் சொன்ன மாதிரி.” அவர் வீட்டில் இருக்கும்போதே உங்களை அனுப்பிப் போனைப் பிடுங்க வைத்ததுதான் அன்றைக்கு நடந்த பிசகு. உறவு முளைக்கும் முன்பே அதிகாரம் காட்டினால் பிள்ளை எதிர்க்கும். இது உங்கள் வீட்டில் மட்டும் நடப்பதில்லை, இந்தத் துறையில் ஆராய்ச்சியாளர்கள் அநேகமாக ஒத்துப்போகும் விஷயம் இது.

அதற்காக அவள் என்ன பேசினாலும் கேட்டுக்கொண்டு நிற்க வேண்டும் என்று அர்த்தமில்லை. பாசத்தை விதியாகப் போட முடியாது, மரியாதையைப் போடலாம். ஒரு வீட்டில் இருப்பவர்கள் ஒருவரையொருவர் கத்தக்கூடாது, கேட்டால் பதில் சொல்லவேண்டும், வெளியே போனால் சொல்லிவிட்டுப் போகவேண்டும். இது அவளுக்கும் உண்டு, உங்களுக்கும் உண்டு. கையிலிருந்து போனைப் பிடுங்குவதும் மரியாதைக் குறைவுதான் என்பதைச் சேர்த்துக்கொள்ளுங்கள். அதற்காக அவளிடம் ஒரு வரி வருத்தம் தெரிவிப்பதில் உங்கள் மதிப்பு குறைந்துவிடாது. போனுக்கான நேரம் பற்றி அந்த வரியில் எதுவும் வேண்டாம். அது அம்மா பேசட்டும்.

நெருங்குவது எப்படி? மிசௌரி பல்கலைக்கழகத்தின் லாரன்ஸ் கனாங், மர்லின் கோல்மன் இருவரும் சக ஆய்வாளர்களோடு சேர்ந்து 1999இல் ஒரு சிறிய ஆய்வை வெளியிட்டார்கள். உங்களைப் போல மறுமணத்தில் வந்து சேர்ந்தவர்களைப் பற்றியது அது. அவர்களில் சிலர் துணையின் பிள்ளைகளோடு நெருங்க முயற்சியே எடுக்கவில்லை. சிலர் திருமணத்துக்கு முன்பு விளையாடினார்கள், சிரிக்க வைத்தார்கள், ஒரே வீட்டுக்கு வந்ததும் அதை நிறுத்திவிட்டுப் பெற்றோர் வேலைக்கு மாறிவிட்டார்கள். இன்னும் சிலர் திருமணத்துக்குப் பிறகும் நட்பைத் தேடுவதை விடவேயில்லை. இந்தக் கடைசிக் கூட்டத்தாருக்குத்தான் பிள்ளைகளோடு நல்ல உறவு அமைந்தது. அவர்கள் பிள்ளைக்கு எது பிடிக்குமோ அதைப் பிள்ளையோடு தனியாகச் செய்தார்கள்.

உங்கள் டிராயிங் டேப்லெட் ஏன் பெட்டியிலேயே கிடக்கிறது என்பது இப்போது புரிந்திருக்கும். பெரிய பரிசு வாங்கினால் பெரிய நன்றி சொல்லவேண்டும், அந்த நன்றியைச் சொன்னால் உங்கள் பக்கம் சாய்ந்ததாக ஆகிவிடும். அது பற்றி இனி வாய் திறக்காதீர்கள். ஒருநாள் அவளே பிரிப்பாள், அல்லது பிரிக்கமாட்டாள். அதற்குப் பதிலாக அவள் வரைவதைப் பற்றி ஏதாவது ஒன்றை உண்மையாகவே தெரிந்துகொள்ளுங்கள். “இந்த நிழல் எப்படிப் போட்டே?” என்று கேளுங்கள், அவள் சொன்னதைக் கேளுங்கள், எழுந்து போய்விடுங்கள். நீங்களாகவே முதலில் எழுந்து போவது முக்கியம். உங்களோடு பேசினால் பேச்சு நீண்டு அறிவுரையில் போய் முடியாது என்று அவளுக்கு நம்பிக்கை வரும். இந்த வயதுப் பிள்ளைகள் முகத்தைப் பார்த்துப் பேசுவதைவிடப் பக்கத்தில் இருந்துகொண்டு பேசுவதில்தான் சுலபமாகத் திறக்கிறார்கள். வண்டியில் எங்காவது கொண்டு விடும்போது, ஏதாவது ஒன்றைச் சேர்ந்து பழுது பார்க்கும்போது. அவள் பேசவில்லையென்றால் நீங்களும் பேசாமல் வண்டி ஓட்டுங்கள், ஒன்றும் குடி முழுகிவிடாது.

பாசத்தைக் காட்டுகிறேன் என்று தோளில் கை போடுவது, தலையைத் தடவுவது வேண்டாம். வளர்ந்துவரும் ஒரு பெண்ணுக்கு, புதிதாக வீட்டுக்கு வந்த ஆண் தொடுவது எவ்வளவு நல்ல எண்ணத்தில் இருந்தாலும் சங்கடமே. ஒரு நல்ல வார்த்தை அதைவிட நன்றாக வேலை செய்யும். அவள் அறைக் கதவைத் தட்டிவிட்டு, பதில் வந்த பிறகே திறக்கவேண்டும். இது எல்லோருக்கும் தெரிந்ததுதான், ஆனாலும் சொல்லிவிடுகிறேன்.

எல்லோரும் சேர்ந்து வெளியே போவதைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள் என்று சொன்னால் உங்களுக்கு விநோதமாக இருக்கலாம். நாலு பேரும் சேர்ந்திருக்கும் நேரத்தில்தான் அவள் தன்னை வெளியாளாக உணர்வாள், நீங்களும்தான். இரண்டிரண்டு பேராக நேரம் ஒதுக்குங்கள். அதில் முதல் இடம் அம்மாவுக்கும் மகளுக்கும். வாரத்தில் ஒரு பொழுது நீங்கள் பையனைக் கூட்டிக்கொண்டு வெளியே போய்விடுங்கள், வீடு அவர்கள் இருவருக்குமாக இருக்கட்டும். அவள் இழந்த அம்மாவைக் கொஞ்சம் திருப்பிக் கொடுப்பது உங்களால் செய்ய முடிந்த மிகப் பெரிய நட்பு. அதை யார் ஏற்பாடு செய்தது என்று அவள் கவனிப்பாள், சொல்லமாட்டாள்.

எவ்வளவு காலம் ஆகும் என்றால், முதல் இரண்டு வருஷம் அநேகமாக எல்லா மறுமணக் குடும்பங்களிலும் கொந்தளிப்புதான். வேகமாக ஒன்றிப்போகும் குடும்பங்களுக்கே நாலு வருஷம் வரை ஆகிறது, பெரும்பாலானவர்களுக்கு அதைவிட அதிகம் என்கிறார் பேப்பர்னோ. உங்களுக்கு ஆகியிருப்பது ஒன்றரை. அவள் உங்களை அப்பாவாக ஏற்றுக்கொள்வாளா என்று கேட்டிருக்கிறீர்கள். அநேகமாக மாட்டாள் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அவளுக்கு நம்பகமான ஒரு பெரியவராக, அப்பாவிடமும் அம்மாவிடமும் சொல்லமுடியாததைச் சொல்ல ஒரு ஆளாக நீங்கள் ஆகமுடியும். அந்த இடம் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது.

நீங்கள் எழுதாத ஒன்றையும் சொல்லவேண்டும். சொந்த வீட்டில் விருந்தாளி மாதிரி இருப்பது வலிக்கும். அவர்கள் மூவருக்கும் பொதுவான பழைய கதைகள், உங்களுக்குப் புரியாத ஜோக்குகள், நீங்கள் வந்ததும் நின்றுபோகும் பேச்சு. இதை மனைவியிடம் சொல்லுங்கள், மகளைப் பற்றிய புகாராக இல்லாமல் உங்கள் வருத்தமாக. “உன் பொண்ணு என்னை மதிக்கலை” என்று தொடங்கினால் அவர் மகளைக் காப்பாற்ற ஓடுவார். “இன்னிக்கு எனக்குத் தனியா இருந்த மாதிரி இருந்துச்சு” என்றால் உங்கள் பக்கம் வருவார். பிள்ளைகள் தூங்கிய பிறகோ அவர்கள் அப்பா வீட்டில் இருக்கும் நாட்களிலோ உங்கள் இருவருக்கும் மட்டும் நேரம் வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகளைப் பற்றிப் பேசாத நேரமாக அது இருக்கவேண்டும்.

இவையெல்லாம் சாதாரணக் கோபத்துக்கும் ஒதுக்கத்துக்கும்தான். அவள் தூக்கமோ சாப்பாடோ வெகுவாகக் குறைந்தாலும், படிப்பு திடீரென்று சரிந்தாலும், தோழிகளிடமிருந்தும் விலகினாலும், தன்னைக் காயப்படுத்திக்கொண்டாலும், செத்துப்போகலாம் என்கிற மாதிரி பேசினாலும் அதை ‘வயசுக் கோளாறு’ என்று தள்ளிவிடாமல் உடனே மனநல மருத்துவரிடமோ ஆலோசகரிடமோ கூட்டிப்போக வேண்டும். கூட்டிப்போவது அம்மாவாக இருக்கட்டும், முடிந்தால் அப்பாவுக்கும் தெரிந்து.

கடைசியாக, மாமியார் சொன்னது. நீங்களும் மனைவியும் ஒரு குழந்தை வேண்டும் என்று ஆசைப்பட்டால் பெற்றுக்கொள்ளுங்கள், அது உங்கள் இருவரின் முடிவு. வீட்டை ஒட்டவைக்க ஒரு குழந்தை என்றால் வேண்டாம். சில வீடுகளில் புதுக் குழந்தை எல்லோரையும் நெருக்கமாக்கும், சில வீடுகளில் மூத்த பிள்ளை ‘இப்போது இவர்கள் குடும்பம் முழுமையாகிவிட்டது, நான்தான் மிச்சம்’ என்று நினைத்துவிடும். இன்றைய நிலைமையில் உங்கள் வீட்டில் இரண்டாவது நடக்கத்தான் வாய்ப்பு அதிகம் என்று எனக்குப் படுகிறது. மாமியார் மறுபடி கேட்டால், மூத்தவள் கொஞ்சம் நிலைக்கு வரட்டும் என்று உங்கள் மனைவியே அவரிடம் சொல்லட்டும். நீங்கள் சொல்லவேண்டாம்.